நம்ம ஆள்தானே என்று டேட்டாபேஸைத் திறந்துவிடலாமா?

மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து 26 வயது இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஊர், பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மகன் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்துவிட்டு ராமநாதபுரத்தில் வேலை பார்க்கிறார். ஓய்வு நேரத்தில் ஊர் மீனவர் சங்கத்துக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருக்கிறார். அதன் டேட்டாபேஸில் இரண்டு வகை விவரங்கள் இருக்கின்றன. ஒன்று உறுப்பினர் பட்டியல்: பெயர், போன் நம்பர், படகுப் பதிவு எண், ஆதார், வங்கிக் கணக்கு. நிவாரண விண்ணப்பம் நிரப்ப ஒவ்வொரு முறையும் வீடு வீடாக அலைய வேண்டாமே என்று சேர்த்து வைத்தது. இன்னொன்று தினப் பிடிப்பு: எந்தப் படகு, என்ன மீன், எத்தனை கிலோ, ஏலத்தில் என்ன விலை, யார் வாங்கினார். கரையில் இரண்டு பெண்கள் போனிலேயே பதிவு செய்கிறார்கள்.

இவருடைய சித்தி மகன் மதுரையில் ஆன்லைனில் மீன் விற்கிறார். அவருடைய வெப்சைட் வேறு கம்பெனியின் கிளவுட் சர்வரில் இருக்கிறது. காலையில் கரையில் இறங்கிய மீன் என்ன, விலை என்ன என்பது தன் சைட்டில் தானாகத் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. நியாயமான ஆசைதான். அதற்கு அவருடைய டெவலப்பர் கேட்டது டேட்டாபேஸின் பெயர், யூசர் நேம், பாஸ்வேர்டு, வெளியிலிருந்து உள்ளே வர அனுமதி. சங்கத் தலைவர் “நம்ம ஆளுதானப்பா, குடுத்துரு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

தம்பியின் கேள்விகள் இவை. படிக்க மட்டும் அனுமதி கொடுத்தால் போதாதா? சைட்டில் பூட்டுச் சின்னம் இருக்கிறதே, அப்புறம் என்ன பயம்? ஒரு ஏபிஐ (கேட்ட தகவலை மட்டும் எடுத்துக் கொடுக்கும் இடைநிரல்) எழுதி அதில் ‘கார்ஸ்’ போட்டால் போதும் என்கிறார் நண்பர், சரியா? சட்டப்படி சிக்கல் வருமா? மறுத்தால் சித்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்? இத்தனையும் எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று: “சோதித்துப் பார்க்கட்டும் என்று நேற்று வாட்ஸ்அப்பில் பாஸ்வேர்டை அனுப்பிவிட்டேன்.”

தம்பி, அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாற்றிய கையோடு சைட்டின் கான்ஃபிக் கோப்பிலும் புதியதைப் போடுங்கள், இல்லாவிட்டால் சங்கத்தின் சைட்டே நின்றுவிடும். அதே பாஸ்வேர்டை, சர்வரை நிர்வகிக்கும் ஹோஸ்டிங் பேனலுக்கும் வைத்திருந்தால் (பெரும்பாலும் வைத்திருப்பீர்கள், எல்லோரும் செய்வதுதான்) அதையும் மாற்றி, ஓடிபி கேட்கும்படி செய்துவிடுங்கள். அடுத்து, பேனலில் ‘ரிமோட் மைஎஸ்கியூஎல்’ என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். மைஎஸ்கியூஎல் என்பது உங்கள் டேட்டாபேஸை நடத்தும் மென்பொருள், வெளியிலிருந்து யார் அதற்குள் வரலாம் என்று சொல்வது அந்தப் பக்கம். நீங்கள் அனுப்பிய படத்தில் அங்கே ஒரு சதவீதக் குறி மட்டும் தனியாக இருக்கிறது. மதுரை சர்வருக்கு மட்டும் அனுமதி கொடுத்ததாக நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். அந்தக் குறிக்குப் பொருள் ‘உலகத்தில் எங்கிருந்து வந்தாலும் சரி’ என்பது. அதை எடுத்துவிடுங்கள்.

அந்த டெவலப்பர் மேல் எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் அந்தப் பாஸ்வேர்டு இப்போது அவர் போனில் இருக்கிறது, போனின் பேக்கப்பில் இருக்கிறது, அவர் எழுதும் நிரலில் இருக்கிறது. நாளை அவர் அந்த நிரலைக் கிட்ஹப்பில் (டெவலப்பர்கள் நிரலைச் சேமித்துப் பகிரும் இணையதளம்) ஏற்றினால் அங்கேயும் இருக்கும். அதை யாரும் திருட வேண்டியதில்லை, தானாகவே பரவிவிடும்.

‘எங்க ஊர் சங்கத்து சைட்டை யாருய்யா தேடி வரப்போறான்’ என்று தோன்றும். யாரும் தேடி வருவதில்லை. மைஎஸ்கியூஎல் வழக்கமாக 3306 என்ற போர்ட்டில், அதாவது சர்வரின் அந்த எண்ணுள்ள வாசலில், காத்திருக்கும். பழைய ஐபி முகவரி முறையில் உலகம் முழுக்கச் சுமார் 429 கோடி முகவரிகள்தான். வேகமான இணைப்பு இருந்தால், அத்தனை முகவரிகளிலும் ஒரு போர்ட்டைத் தட்டிப் பார்க்க இன்றைய கருவிகளுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. நண்டு வலையில் எந்த நண்டு மாட்டுகிறது என்று வலைக்குத் தெரியாது, இதுவும் அப்படித்தான். 2017 தொடக்கத்தில், பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து கிடந்த மோங்கோடிபி டேட்டாபேஸ்களைப் பல்லாயிரக்கணக்கில் அழித்துவிட்டு, ‘பணம் கட்டினால் திருப்பித் தருகிறோம்’ என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அதில் பெரிய நிறுவனம், சின்னச் சங்கம் என்ற பாகுபாடு எதுவும் இல்லை.

நேற்று ஒரு நாளில் யாராவது உள்ளே வந்துபோனார்களா என்று கேட்டால், பலர் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் உங்களால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். அன்றைய வெளி இணைப்புகளின் பதிவு இருக்கிறதா என்று ஹோஸ்டிங் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். சைட்டின் அட்மின் பட்டியலில் தெரியாத பெயர் ஏதும் முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

படிக்க மட்டும் கொடுத்தால் என்ன?

படிப்பதுதான் திருட்டே. பணப்பெட்டியில் கை வைத்தால் பணம் குறையும். தகவலை எடுத்தால் எதுவும் குறையாது, எடுத்தது தெரியவும் தெரியாது. டேட்டாபேஸ் முழுவதற்கும் படிக்கும் அனுமதி கொடுத்தால், ஒரே கட்டளையில் மொத்தத்தையும் நகல் எடுத்துக்கொள்ளலாம்.

ஆதாரும் வங்கிக் கணக்கும்தான் ஆபத்து என்று நினைத்து, ‘அந்தப் பட்டியலை மறைத்துவிடுகிறேன், பிடிப்புப் பட்டியலைக் கொடுக்கிறேன்’ என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. உங்கள் கரையில் பிறந்தவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு மீனை அவரிடமேதான் போட வேண்டும். வீட்டில் ஒரு நெருக்கடி என்றால் நாலு கிலோ கணவாயை வேறு ஆளிடம் போட்டுவிட்டு வருவதும் நடக்கும். உங்கள் பிடிப்புப் பட்டியலில் படகு எண், கிலோ, விலை, வாங்கியவர் என்று வரிசையாக இருக்கிறது. முன்பணம் கொடுத்தவர் கையில் அது கிடைத்தால் என்ன ஆகும்? இன்னொன்று, சில படகுகளுக்கு வலை போட்ட இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியையும் குறித்து வைத்திருக்கிறீர்கள். ஒரு நல்ல பார் (கடலடியில் மீன் சேரும் பாறைத்திட்டு) எங்கே இருக்கிறது என்பதை அண்ணன் தம்பிக்குள்கூடச் சொல்லிக்கொள்ளாதவர்கள் நம் ஆட்கள். நீங்கள் அதை மதுரைக்கு அனுப்பப் பார்த்தீர்கள்.

முதல் பட்டியலும் லேசுப்பட்டதல்ல. பெயர், படகு எண், வங்கிப் பெயர் மூன்றும் தெரிந்த ஒருவன் உங்கள் அப்பாவுக்கே போன் செய்து, “தடைக்கால நிவாரணம் ஏறியிருக்கு, உங்க படகு நம்பர் இதானே, இப்ப வர்ற ஓடிபியைச் சொல்லுங்க” என்றால் அவர் நம்பமாட்டார் என்று சொல்ல முடியுமா? இந்த வாரமே சங்கத்தில் ஒரு அறிவிப்பு வையுங்கள்: அப்படி ஏதாவது அழைப்பு வந்தால் ஓடிபி சொல்லக்கூடாது, பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

பூட்டுச் சின்னம் எதைப் பூட்டுகிறது?

அது பார்க்கிறவரின் பிரவுசருக்கும் உங்கள் வெப் சர்வருக்கும் நடுவே உள்ள பாதையைப் பூட்டுகிறது, அவ்வளவுதான். மதுரை சர்வர் 3306 வழியாக நேராக டேட்டாபேஸுக்கு வந்தால் அது வேறு பாதை. புதிய மைஎஸ்கியூஎல் நிரல்கள் முடிந்தால் மறையாக்கத்தோடு பேசும், எதிர்முனையில் அந்த வசதி இல்லையென்றால் சத்தமில்லாமல் வெறுமனே பேசிவிடும். கட்டாயமாக்கினால்தான் கட்டாயம்.

‘கார்ஸ்’ பற்றி உங்கள் நண்பர் சொன்னதில் ஒரு குழப்பம் இருக்கிறது, இது நிறைய பேருக்கு இருப்பதுதான். அது பிரவுசர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு. வேறு சைட்டின் பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் உங்கள் பதிலைப் படிக்கலாமா என்று பிரவுசர்தான் பார்த்து முடிவு செய்யும். பிரவுசர் இல்லாமல் ஒரு சர்வரிலிருந்தோ சின்ன நிரலிலிருந்தோ கேட்டால் அந்த விதி எதுவும் குறுக்கே வராது. ஏபிஐக்கு அதுவே காவல் என்று நம்பினால், கதவில்லாத வீட்டுக்கு ‘அந்நியர் உள்ளே வரக்கூடாது’ என்று பலகை மாட்டிய கதைதான்.

சரி, எப்படித்தான் கொடுப்பது?

ஏலத்துக்கு வருகிற வியாபாரி படகில் ஏறி ஐஸ் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. கூடை கரைக்கு வருகிறது, கூடையைப் பார்த்து விலை கேட்கிறார். உங்கள் சித்தி மகனுக்குத் தேவையும் அந்தக் கூடைதான். உங்கள் இடத்தில் நான் இருந்தால் டேட்டாபேஸுக்கு வெளி இணைப்பே வைக்கமாட்டேன், ஏபிஐகூட இப்போதைக்கு எழுதமாட்டேன்.

முதலில் டேட்டாபேஸுக்குள்ளேயே, தேர்ந்தெடுத்த விவரங்களை மட்டும் காட்டும் ஒரு ‘வியூ’ செய்யுங்கள். அதில் நான்கே நான்கு விவரம்: இறங்குதளம், மீன் வகை, மொத்தக் கிலோ, அன்றைய குறைந்த விலையும் கூடிய விலையும். படகு எண் இல்லை, பெயர் இல்லை, வாங்கியவர் இல்லை. கூட்டித்தானே கொடுக்கிறோம் என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். அன்றைக்குச் சீலா கொண்டுவந்தது ஒரே படகு என்றால், மொத்தக் கிலோ என்பது அந்தப் படகின் கிலோதான். கரையில் நின்ற எல்லோருக்கும் அது யாருடைய படகு என்று தெரியும். மூன்று படகுக்குக் குறைவாக வந்த மீனை ‘மற்றவை’ என்று சேர்த்துவிடுங்கள். மூன்று என்பது என் கணக்கு, சங்கத்தில் பேசிக் கூட்டிக்கொள்ளலாம்.

பிறகு, அந்த வியூவை மட்டுமே படிக்க அனுமதியுள்ள தனி யூசர் ஒன்றை உருவாக்கி, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை சர்வரில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலை வையுங்கள். அது விவரங்களை ஒரு ஜேசன் கோப்பாக (எந்த நிரலும் எளிதில் படிக்கும் எழுத்துக் கோப்பு) எழுதிவைக்கும். எழுதும்போது வேறு பெயரில் எழுதி, முடிந்ததும் சரியான பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் மதுரை சர்வர் பாதி எழுதிய கோப்பை எடுத்துக்கொண்டு போகும். அந்தக் கோப்பை அவர்கள் சர்வர் எச்டிடிபிஎஸ் வழியாக எடுத்து, தன்னிடம் சேமித்துத் தன் பக்கத்தில் காட்டிக்கொள்ளட்டும். எப்போது எழுதியது என்ற நேரமும் கோப்புக்குள் இருக்கட்டும். காற்று பலமான நாளில் கரையில் நெட் போய்விட்டால், ‘காலை 6.40 நிலவரம்’ என்று அவர் சைட்டில் நேர்மையாகத் தெரிய வேண்டும். பழைய விலையைப் புதியது என்று நம்பி ஆர்டர் போட்டவர் கடைசியில் உங்கள் சங்கத்தைத்தான் திட்டுவார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், மதுரை சர்வரை நாளை யாராவது முழுசாக உடைத்தாலும் அவன் கைக்குக் கிடைப்பது ஊரே பார்த்த விலைப்பட்டியல் மட்டும்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளில் உங்கள் மீனுக்கு இருக்கிற கிராக்கியில், அவர் சைட்டை ஆயிரம் பேர் பார்த்தாலும் உங்கள் டேட்டாபேஸுக்கு ஒரு சுமையும் ஏறாது.

மற்ற வியாபாரிகள் இதைப் பார்க்க வேண்டாம் என்று சங்கம் நினைத்தால் ஒரு சாவி வையுங்கள். யாரும் ஊகிக்க முடியாத நீளமான எழுத்துச்சரம், கணினியே உருவாக்கியது. அது கோரிக்கையோடு தனியாக வரும் குறிப்பான ஹெடரில் வர வேண்டும், முகவரியின் வாலில் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது. முகவரியில் வருவதெல்லாம் சர்வர் லாக்கில் பதிவாகிவிடும். மதுரைப் பக்கம் அந்தச் சாவி சர்வரிலேயே இருக்க வேண்டும். பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டில் வைத்தால், மவுஸை வலது கிளிக் செய்யத் தெரிந்த எவரும் படித்துக்கொள்ளலாம். நாளைக்கு இன்னொரு கடைக்காரர் கேட்டால் அவருக்கு வேறு சாவி. ஒருவரை நிறுத்த வேண்டி வந்தால் மற்றவர்களைத் தொந்தரவு செய்யாமல் நிறுத்தலாம்.

இரண்டு கோப்புகளை மட்டும் மறக்காதீர்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் கான்ஃபிக் கோப்பும், பேக்கப் கோப்பும் வெளியே தெரியும் ஃபோல்டருக்குள் இருக்கக்கூடாது. இதை அனுபவித்துச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் சைட்டை வேறு சர்வருக்கு மாற்றினேன். நகலெடுத்த எஸ்கியூஎல் கோப்பை (டேட்டாபேஸ் முழுவதும் அடங்கிய பேக்கப்) வெளி ஃபோல்டரிலேயே மறந்து விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அவரே போன் செய்து, கூகுளில் தன் கடைப் பெயரைத் தேடினால் வாடிக்கையாளர் பட்டியல் வருகிறதே என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சித்தி மகன் அடுத்து என்ன கேட்பார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘என் சைட்டில் பத்து கிலோ நண்டு புக் ஆனால் உங்கள் பட்டியலில் குறைய வேண்டும்.’ அங்கேதான் ஏபிஐ தேவைப்படும். அப்போதும் அவர் உங்கள் டேட்டாபேஸில் எழுதமாட்டார், உங்கள் நிரலிடம் ஆர்டரைக் கொடுப்பார். அது கிலோ எண்ணாகத்தான் இருக்கிறதா, இருப்புக்குள் அடங்குகிறதா என்று சரிபார்த்து உங்கள் நிரல்தான் எழுதும். வந்ததை அப்படியே எஸ்கியூஎல் கட்டளை வரியில் ஒட்டாமல், கட்டளையையும் தகவலையும் தனித்தனியாகக் கொடுக்கும் ‘பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்’ வழியாக எழுதுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு எண் கட்டாயம். நெட் அறுந்து அதே ஆர்டர் இரண்டாம் முறை வந்தால், இது ஏற்கெனவே வந்ததுதான் என்று உங்கள் நிரலுக்குத் தெரிய வேண்டும்.

நேரடி டேட்டாபேஸ் இணைப்பே தவறு என்றும் சொல்லமாட்டேன். இரண்டு சர்வரும் ஒரே ஆளின் பொறுப்பில் இருந்தால், எஸ்எஸ்எச் டனல் போட்டோ விபிஎன் வைத்தோ (இரண்டுமே சர்வர்களுக்கு நடுவே மறையாக்கிய தனிப்பாதை) இணைக்கலாம். அப்போது 3306 வெளியுலகத்துக்குத் தெரியவே தெரியாது. ஐபி முகவரியை வைத்து மட்டும் அனுமதிப்பது அதற்கு ஈடாகாது. கிளவுடில் ஒருவர் விட்டுப்போன ஐபி நாளை வேறொருவருக்குப் போய்விடும், நீங்கள் கொடுத்த அனுமதி அப்படியே இருக்கும். உங்கள் விஷயத்தில் இரண்டு முதலாளி, இரண்டு டெவலப்பர். டனல் வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நான் வழக்கறிஞர் இல்லை, தொழிலுக்கு வேண்டிய அளவு படித்தவன். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. உறுப்பினர் விவரத்தை வைத்திருப்பது சங்கம் என்பதால் பொறுப்பும் சங்கத்துடையதுதான். வெப்சைட் செய்த பையன் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டான் என்று கைகாட்டி ஒதுங்க முடியாது. போதிய பாதுகாப்பு செய்யாமல் விட்டால் அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய் வரை என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தத் தொகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது உச்சவரம்பு, தவறின் அளவைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். உங்களுக்கு அதைவிட முக்கியமானது நோக்கம். மீனவர்கள் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் நிவாரண விண்ணப்பத்துக்காகக் கொடுத்தார்கள், மீன் விற்கிற கம்பெனிக்குப் போகும் என்று சொல்லி யாரும் வாங்கவில்லை. சம்மதம் என்பது எதற்காகக் கேட்டோமோ அதற்கு மட்டும்தான். ஆதார் எண்ணை வெளியே தெரியும்படி போடக்கூடாது என்று ஆதார் சட்டத்திலேயே தனியாக இருக்கிறது.

ஆதார் எண்ணை முழுசாக வைத்திருக்கத்தான் வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். விண்ணப்ப நேரத்தில் அவர்களே அட்டையைக் கொண்டு வருகிறார்கள் என்றால் கடைசி நான்கு இலக்கம் போதுமே.

சித்தி வீட்டில் என்ன சொல்வது?

மறுக்கவே வேண்டாம், நீங்கள் எதையும் மறுக்கவில்லை. அவர் கேட்டது விலைப்பட்டியல், அதைக் கொடுக்கிறீர்கள். பாஸ்வேர்டு கேட்டது டெவலப்பரின் வசதிக்காக. நாளைக்கு எங்கிருந்து கசிந்தாலும் முதல் சந்தேகம் வெளியாள் மேல்தான் விழும், பாஸ்வேர்டு கையில் இல்லாமல் இருப்பது அவருக்கும் நல்லது. இதை நேரில் போய், ஒரு டீ குடித்துக்கொண்டே சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் வேறு மாதிரி படும்.

தலைவரிடம் சர்வர், போர்ட் என்று பேசாதீர்கள். அவருடைய படகின் போன வாரப் பிடிப்பை, விலையோடும் வாங்கியவர் பெயரோடும் ஒரு தாளில் அச்செடுத்து அவர் கையில் கொடுங்கள். “இதுவும் சேர்ந்துதான் மதுரைக்குப் போகும், கொடுக்கட்டுமா?” என்று கேளுங்கள்.

டெவலப்பருக்கு இப்படி எழுதலாம்: “அண்ணே, பழைய பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், உங்களிடம் உள்ளதை அழித்துவிடுங்கள். கிட்ஹப்பில் ஏற்றியிருந்தால் சொல்லுங்கள். டேட்டாபேஸ் இணைப்புக்குப் பதிலாக ஒரு ஜேசன் கோப்பின் முகவரியும் சாவியும் தருகிறேன். 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். உங்கள் சர்வரிலிருந்து எடுங்கள், பிரவுசரிலிருந்து வேண்டாம். சாவியைப் போனில் கூப்பிட்டுச் சொல்கிறேன்.”